ஏழாயிரம் அடியில் ஒரு கேப்டன்

"பாய், முட்டை அத்தனையும் போச்சுங்க."

டிரைவர் பொன்னுவேல் மாடிக் கதவருகே வந்து நின்றபோது நான் ஏழாயிரம் அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தேன்.

கொடைக்கானலே ஏழாயிரம் அடிதான். நான் சொல்வது நியூ கினியா மலைக்காட்டுக்கு மேலே. கம்ப்யூட்டரில்.

கீழே மளிகைக் கடை, மேலே வீடு. மத்தியானம் வியாபாரம் மந்தமானால் மாடியேறி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான் கேப்டன் தமீம் அன்சாரி ஆகிவிடுவேன். தொண்ணூறு வருஷத்துக்கு முன்பு ரோடே இல்லாத அந்தக் காட்டுக்குச் சின்ன விமானங்களில் அரிசியும் மருந்தும் கோழியும் கொண்டுபோனார்கள். இந்த விளையாட்டிலும் அதே விமானம், அதே மலை, அதே மேகம். துணைக்கு மேப்பும் திசைகாட்டியும் மட்டும். எங்கள் குழுவில் ஆறு பேர். அவரவர் வீட்டிலிருந்து அவரவர் சரக்கைக் கொண்டுபோவோம். ஆறு பேருக்கும் சேர்த்து நிஜ விமான அனுபவம் என்றால், சேனாதிபதி ஒருமுறை மதுரையிலிருந்து சென்னை போனதுதான்.

"எப்படிய்யா போச்சு?" என்றேன், ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"செண்பகனூர் தாண்டி ஒரு வளைவுல வெரசாத் திருப்பிட்டேங்க. ட்ரே எல்லாம் சரிஞ்சுருச்சு. என் தப்புதான் பாய்."

முப்பது ட்ரே. பேத்துப்பாறையில் தங்கும் விடுதி நடத்தும் புவனாவுக்குப் போன சரக்கு. பொன்னுவேலின் சட்டையெல்லாம் மஞ்சள் கரு.

"பதினோரு வருஷமா அதே ரோட்டுல ஓட்டுற. இன்னிக்குத்தான் வளைவு புதுசா மொளைச்சுதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

"இங்க வா. இதப் பாரு. சரக்கு ஏத்துறது லேசுப்பட்ட சோலி இல்ல. முன்னால இவ்வளவு எடை, பின்னால இவ்வளவு எடைன்னு இருக்கு. கொஞ்சம் மாறிச்சுன்னா விமானம் மூக்கத் தூக்கிரும். பறக்கறதுக்கு முன்னால அரை மணி நேரம் இதத்தான் பாப்பேன்."

பொன்னுவேல் பணிவாகக் குனிந்து பார்த்தார்.

"என்ன சரக்குங்க?"

"மருந்து. அப்புறம் அறுபது கோழி."

"கோழி எங்கங்க கெடக்கு?"

"கோழியெல்லாம் தெரியாதுய்யா. எடை மட்டும்தான்."

"சரிங்க."

அந்த 'சரிங்க' என்னைச் சுட்டது.

"பொறுப்புன்னா என்னன்னு அந்தக் காலத்துப் பைலட்டுகளப் பாத்துக் கத்துக்கணும். நாளையிலேர்ந்து நீ வேண்டாம். சாவிய வச்சுட்டுப் போ."

அவர் முகம் சுருங்கியது. சாவியைச் சட்டை நுனியில் துடைத்து, என் ஜாய்ஸ்டிக் பக்கத்தில் மெதுவாக வைத்தார்.

அந்த நேரம் பார்த்து மேகம் சூழ்ந்தது. விலகியபோது எதிரே மலை. அனுபவமுள்ள கேப்டன் என்பதால் உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

டமால்.

மேஜை மேல் இருந்த போனில் குரூப் கால் ஓடிக்கொண்டிருந்தது. "கேப்டன், இறங்கியாச்சா?" என்றார் சேனாதிபதி.

மோதினால் ஒரு மாதம் பறக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். போட்டதே நான்தான். போன வாரம் அந்தச் சட்டப்படி குமரகுருவை உட்கார வைத்தேன்.

"கரண்ட் போயிருச்சு சேனாதிபதி. சிஸ்டம் நின்னுபோச்சு."

என் தலைக்கு மேலே ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. பொன்னுவேல் அதை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"போன வாரம் எனக்கும் கரண்ட்தான் போச்சு. நீங்க நம்பவே இல்லயே!" என்று குமரகுருவின் குரல் வந்தது.

பொன்னுவேல் போன் பக்கம் குனிந்தார்.

"நெசந்தாங்க. இங்க நல்ல மழை. லைன் மேல மரம் விழுந்துருச்சு."

சொல்லிவிட்டுப் படியிறங்கப் போனார். ஒரு நிமிடம் முன்னால் நான் வேலையை விட்டு நிறுத்திய மனிதர்.

எதிரே என் மனைவி ஆசியா தன் போனோடு ஏறி வந்தாள்.

"என்னங்க, தரையில இருக்கீங்களா? புவனா பேசுறாங்க. உங்க போன் ரொம்ப நேரமா பிஸியாம்."

வாங்கினேன்.

"பாய், முட்டை போனாப் போகுது, பொன்னுவேல் அண்ணனைத் திட்டிறாதீங்க," என்றாள் புவனா. "வேன் கதவத் தொறந்தா, சரக்கக் கட்டுற கயிறு சுருட்டினபடியே மூலையில கெடக்குது. முட்டை ட்ரே மேல எண்ணெய் டின்னு. யாருண்ணே இப்படி ஏத்துனதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'பாய் கடைச் சரக்கு எப்பவும் ஒழுங்காத்தாம்மா வரும். இன்னிக்கு நான்தான் அவசரத்துல ஏத்திட்டேன்'னாரு. அவரு மூஞ்சியப் பாத்தா எனக்கே பாவமாப் போச்சு."

குரூப் காலை நான் இன்னும் துண்டிக்கவில்லை. ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசியா பக்கத்திலேயே நின்றாள். படியில் பொன்னுவேலின் செருப்புச் சத்தம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"இல்லம்மா. அவரு அப்ப டீ குடிக்கப் போயிருந்தாரு. வெரசா மாடிக்கு வரணும்னு அப்படி ஏத்துனது நான்."