மாடி ஏறிய குதிரை

"என் நூலகத்துக்கு ஒரு குதிரை மாடிப்படி ஏறி வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போச்சு!"

ஓய்வுபெற்ற நூலகரான அம்மா இப்படி அளந்துவிட்டதில் மகளின் மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள். கைப்பேசி சொல்வதை அப்படியே கட்டுரையில் எழுதிக் கோட்டை விட்டவர்கள். இந்தத் தடவையும் தவறினால் கல்லூரியை விட்டே போகவேண்டியதுதான். தேடிச் சரிபார்க்கப் பழக்கத்தான் விரிவுரையாளர் மகள் அவர்களை அம்மாவிடம் அழைத்து வந்திருந்தாள்.

"சுத்தப் புளுகு! கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே கதை," என்றார் மூலையில் செய்தித்தாள் விரித்திருந்த அப்பா.

"பொய்யின்னு நிரூபிங்க பார்ப்போம்!" என்று மாணவர்களைச் சீண்டினாள் அம்மா.

மகளுக்கு மானமே போயிற்று.

அடுத்த வாரம் அத்தனை பேரும் வீட்டுக்கு மூச்சிரைக்க வந்தார்கள். "மேடம், பழைய பத்திரிகையில நூலகப் படியில குதிரை! ஆனா முதுகும் வாலும்தான் தெரியுது. ஒண்ண மட்டும் நம்பக் கூடாதுன்னு இன்னொரு பத்திரிகையையும் தேடினோம். அதுல குதிரை மேல இருக்கறவர் முகமே இருக்கு!"

இவர்கள் தேறிவிடுவார்கள் என்று மகளுக்கு உயிர் வந்தது. படத்தைப் பார்த்தாள். மூலையில் செய்தித்தாளின் ஓரத்தில் நீட்டியிருந்த மூக்கைப் பார்த்தாள். அதே மூக்கு.

"அப்பா!"

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. அப்பாவின் முகமெல்லாம் வெட்கம்.

"சரி, நடந்துச்சு. அப்ப எனக்கு லாயத்துல வேலை. நடந்து வந்தா நூலகத்த மூடிடுவாங்க, குதிரைய வாசல்ல விட்டா ஓடிடும். புத்தகத்தக் கொடுக்கற சாக்கு இல்லாம உங்கம்மாவ எப்படிப் பார்க்கறது?"