கீழ்ப் படுக்கை

“பாக்சிக், போலே துக்கார்? காக்கி சாக்கிட்.”

எதிர் சீட்டுப் பெண் உடைந்த மலாயில் கேட்டாள். கால் வலிக்கிறதாம். மேல் படுக்கையில் ஏற முடியாதாம். அவருடைய கீழ்ப் படுக்கையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

ஜெயபாலன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மியன்மார்க்காரி. தைப்பிங் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவள். வலது கணுக்காலில் துணி சுற்றியிருந்தாள்.

“தக் போலே!” என்றார், பெட்டி முழுக்கக் கேட்கும்படி. “சாயா சுடா புக்கிங்!”

முடியாது, நான் முன்கூட்டியே பதிந்துவிட்டேன் என்று அர்த்தம். அதில் பொய் ஒன்றுமில்லை. பேங்காக்கில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகிறார். காலமெல்லாம் லாரி ஓட்டிய இடுப்பு. கீழ்ப் படுக்கைதான் வேண்டும் என்று மகனிடம் கறாராகச் சொல்லி, நாள் பார்த்துப் பதிய வைத்த டிக்கெட் அது.

ரயில் தாய்லாந்து எல்லையிலிருக்கும் பாடாங் பெசாரை விட்டு நகர்ந்தது. மலேசியச் சிக்னல் போவதற்குள் ஈப்போவில் வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஏறிட்டீங்களா?” என்றாள் மனைவி சரளா.

“ஏறிட்டேன். உட்காரக்கூட இல்ல, அதுக்குள்ள ஒருத்தி படுக்கைய மாத்திக் குடுன்னு வந்துட்டா. கால் வலியாம்.”

“பாவம், குடுத்துட்டுப் போங்களேன்.”

“ஒரு துணியச் சுத்திக்கிட்டா நம்பிடணுமாலா? எல்லாம் நடிப்பு. ரோட்டுல நான் பாக்காத ஆளா?”

“நெசமாவே வலியோ என்னமோ...”

“நீ சும்மா இரு.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல் அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹாட்யாய் தாண்டியதும் ரயில் ஊழியர் வந்தார். சீட்டுகளை இழுத்துக் கீழ்ப் படுக்கை ஆக்கி, மேல் படுக்கையை இறக்கி, வெள்ளை விரிப்பு போட்டு, திரைச்சீலையை மாட்டிவிட்டுப் போனார். அந்தப் பெண் ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை.

அப்போதுதான் நடைபாதையில் ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளித்தான்.

“அண்ணே, தமிழா?”

“ஆமா தம்பி. என்னாச்சு காலுக்கு?”

“கமுந்திங்ல பைக்லேர்ந்து விழுந்துட்டேண்ணே. அங்க கதவோரமா எனக்கு மேல் படுக்கை. ஏறவே முடியல. ஒங்களுக்குச் சிரமம் இல்லன்னா...”

“இதுல என்ன சிரமம்? நம்ம ஆளுக்கு நாம செய்யாம யாரு செய்வா?” ஜெயபாலன் எழுந்துவிட்டார். “பேரென்ன தம்பி?”

“தௌஃபிக். சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன்.”

“நீ படு. நல்லா காலை நீட்டிப் படு.”

பையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் போனார். ஏணியில் ஏறுவதற்குள் இடுப்பு இரண்டு முறை பிடித்தது. மேலே ஜன்னல் கிடையாது. முகத்துக்கு நேராக விளக்கு. ஏர்கோன் காற்று ஐஸ் மாதிரி இறங்கியது. கழிவறைக் கதவு வேறு அடித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. தமிழனுக்குத் தமிழன் ஒத்தாசை. சரளாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போர்வையை இழுத்து மூடினார்.

விடிந்தபோது ரயில் ஹுவா ஹின்னில் நின்றிருந்தது. இடுப்பை நிமிர்த்தலாம் என்று கதவருகே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பிளாட்பாரத்தில் தௌஃபிக். இரண்டு கையிலும் காப்பி. ரயில் கிளம்பிவிடுமோ என்று ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தான். நொண்டல் இல்லை. சுளிப்பு இல்லை.

ஜெயபாலனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ராத்திரி முழுக்க நான் விறைச்சுக் கிடந்தேன், இவன் என்னை ஏமாத்திட்டு என் படுக்கையில சொகமா தூங்கியிருக்கான்! அவன் பையைத் தூக்கி வெளியே போட்டுவிடும் வேகத்தில் நடந்தார். கீழ்ப் படுக்கையின் திரையைச் சரக்கென்று விலக்கினார்.

உள்ளே அந்த மியன்மார்ப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலில் துணி அவிழ்ந்திருந்தது. கணுக்கால் கறுத்து, பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அதற்கு அடியில் இரண்டு தலையணை. ஒன்று அவளுடையது. இன்னொன்று தௌஃபிக்குடையதாகத்தான் இருக்க வேண்டும். மேல் படுக்கையில் விரிப்பும், தலைக்கு வைத்த அவன் துணிப்பையும் மட்டும்தான் இருந்தன.

“மெதுவாண்ணே. இப்பத்தான் கொஞ்சம் தூங்குறாங்க.”

பின்னால் தௌஃபிக் நின்றான். ஒரு காப்பியை அவரிடம் நீட்டினான்.

ஜெயபாலன் வாங்கவில்லை. குரல் மட்டும் தானாகத் தணிந்தது. “ஒன் காலு நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தாண்ணே இருக்கு.”

“அப்புறம் ஏன் தம்பி எங்கிட்ட அப்படிப் பொய் சொன்னே? இந்தப் பொண்ணுக்குத்தான்னா, நேராவே கேட்டிருக்கலாமே?”

தௌஃபிக் திரையை மெல்ல இழுத்து மூடினான்.

“அவங்க நேராத்தானே கேட்டாங்க. ஆனா அவங்களுக்குத் தமிழ் தெரியாதேண்ணே. அதான், அவங்களுக்காக நான் கேட்டேன்.”