சுத்தமான பெட்டி

"தூ! கோழி நாத்தம் குடலப் புடுங்குது." மைக்ரோவேவைத் திறந்த பாக்கியலட்சுமி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "புரட்டாசி மாசத்துல இதுலயா என் சாம்பார சூடு பண்றது?"

மகன் யுகேந்திரன் அன்றே எங்கிருந்தோ வேறொன்றைத் தூக்கி வந்தான்.

"கழுவித் தரவா அத்தே?" என்றாள் மருமகள் தேவமலர்.

"கோழி தொட்ட கையால இதத் தொடாத!"

"அப்ப மூடி போட்டாச்சும் சூடு பண்ணுங்க. ஆவி மேல அடிச்சி சாப்பாட்டுலயே சொட்டும்."

"சுத்தமான பெட்டிக்கு மூடி எதுக்குலா?"

மாதம் முழுக்க மூடாமலேதான் சூடு பண்ணிச் சாப்பிட்டாள். தன் சாம்பாருக்கு இப்படியொரு ருசி வந்ததே இல்லை என்று பெம்பான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டாள்.

புரட்டாசி முடிந்ததும் யுகேந்திரனின் கூட்டாளி தினேஷ்வரன் வந்தான். "கடை ரிப்பேர் முடிஞ்சிருச்சு ஆன்ட்டி. மைக்ரோவேவ எடுத்துக்கறேன்."

"என்னா கடைப்பா?"

"செர்காம்ல மீன் சாப்பாட்டுக் கடை."

பாக்கியலட்சுமி சட்டென்று இரண்டடி பின்வாங்கினாள். அவனோ கதவைத் திறந்து, குனிந்து, பெட்டிக்குள் மேலே பார்த்தான்.

"அட! மேல காஞ்சி ஒட்டியிருந்த மீன் சம்பல் எங்க ஆன்ட்டி? நான் சுரண்டியும் வரலியே, எப்படி எடுத்தீங்க?"

பாக்கியலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.