மாத்திரை எங்கே?

மகனின் அறையை அம்மா தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒளித்து வைக்கும் இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தலையணை உறை, ஷூ, ஸ்பீக்கரின் பின்பக்கம் என எதையும் விடவில்லை.

“மாத்திரையை எங்கடா வச்சிருக்க?”

“இங்க இல்லம்மா.”

“பெத்தவகிட்டயே உன் வேலையைக் காட்டுறியா?”

மகன் கதவோரம் நின்றிருந்தான். மெத்தையைக் கிழித்துப் பார்த்தும் கிடைக்காமல் அம்மா தரையில் சரிந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு குடுடா, கண்ணு. கையெல்லாம் நடுங்குது. நாளையிலேருந்து தொடவே மாட்டேன்.”

“நானும் உன்கிட்ட இப்படித்தானே கெஞ்சினேன்? நீ குடுத்தியா?”

அவளுடைய துணிகளை அடுக்கி வைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகன் கையை நீட்டினான்.

“என்னைச் சேர்த்துக் காப்பாத்துனியே, அதே ஆஸ்பத்திரிதான். எழுந்திரும்மா.”