ரதீசனின் உப்புப் பகை

"காருக்கு ஆராவது சொக்ஸ் போடுவினமோ, தம்பி?"

சுசிலா கேட்டது பக்கத்து வீட்டு ரதீசனிடம். ஆனால் அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு கால்கள்தான். மிச்ச ரதீசன் ஜாக்கி வைத்து உயர்த்திய காருக்கு அடியில் கிடந்தான்.

"சொக்ஸ் இல்லை அன்ரி, உறை. புது சஸ்பென்ஷன் ஸ்பிரிங் பூட்டியிருக்கிறன். பனி உருக ரோட்டில போடுற உப்புப் பட்டால் துருப்பிடிச்சுத் திருகுப் புரியெல்லாம் இறுகிப்போகும். பேந்து காரை உயர்த்தவும் ஏலாது, பதிக்கவும் ஏலாது."

மனோர் பார்க்கில் அந்தத் தெருவுக்கே தெரிந்த கதை இது. காரோடு வந்த சஸ்பென்ஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு, விலை கூடிய வேறொன்றை வாங்கிப் பூட்டி, பூனைகூட நுழைய முடியாதபடி காரைப் பதித்து வைத்திருந்தான் ரதீசன். குளிர்காலம் தொடங்கினால் அதற்குச் செய்யும் பணிவிடை கொஞ்சநஞ்சமல்ல. அடிப்பக்கம் கழுவி, துணியால் ஒற்றி, பிரஷால் கிறீஸ் பூசி, உறை மாட்டுவான். "என்ர முகத்துக்குக் கிறீம் வாங்கித் தாங்கோ எண்டால் மறந்துபோவார்" என்று அவன் மனைவி மேனுஷா கோயிலில் சொல்லிச் சிரிப்பாள்.

சுசிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாசியில் வாசற்படியில் உறைந்திருந்த பனியில் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள் அவள். பர்மிங்காமில் இருக்கும் மகன் சஞ்சய் அன்றிலிருந்து ஒரே பிடி. "இன்னொருக்கா விழுந்தீங்கள் எண்டால் வீட்டை வித்துப்போட்டு என்னோட வாறீங்கள் அம்மா."

அவளுக்கோ இந்தச் சின்ன வீடுதான் ராச்சியம். அதைப் பறிக்கக்கூடியவை அந்த மூன்று படிகள் மட்டுமே.

"என்ர இடுப்பிலயும்தான் இரும்பு வைச்சிருக்கிறாங்கள். அதுக்கு ஆர் கிறீஸ் பூசுறது?"

காருக்கு அடியிலிருந்து சிரிப்புக் கேட்டது.

"சிரிக்காதை. வெள்ளிக்கிழமை தைப்பூசம். காலமை என்னைக் கோயிலில இறக்கி விடுறியோ?"

சிரிப்பு நின்றது.

"ரோட்டில உப்புப் போட்டிருந்தால் கார் எடுக்கமாட்டன் அன்ரி. வேலைக்கே ரயிலிலதான் போறன். வேணுமெண்டால் நான் உங்களைக் கையில பிடிச்சு நடத்திக்கொண்டு போறன்."

"ஓடாத காருக்கு என்னத்துக்கடா இவ்வளவு கழுவல்?"

"சும்மா நிண்டாலும் உப்பு வருகுது அன்ரி."

சுசிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன்னைவிடக் கவுன்சில்காரன் எவ்வளவோ திறம்!"

முப்பது வருடமாக நகரசபைக்குக் கட்டும் கவுன்சில் வரியைத் திட்டியவள் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தை வரக் காரணம் இருந்தது. இந்தக் குளிருக்கு, பனி உறைந்த ஒவ்வொரு காலையும் அவள் கதவைத் திறக்கும் முன்னமே படிகளிலும் வாசலிலும் உப்புத் தூவியிருந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"நான் விழுந்தது அவங்கட கம்பியூட்டரில இருக்கும். அதைப் பார்த்து ஆள் அனுப்புறாங்கள். நீ எனக்கொரு உதவி செய். கவுன்சிலுக்கு நன்றி சொல்லி ஒரு ஈமெயில் எழுதித் தா."

கால்கள் இரண்டும் காருக்கு அடியில் இன்னும் உள்ளே போயின. ஆனால் பென்ஷனோ பாஸ்போர்ட்டோ, அந்தத் தெருப் பெரியவர்களின் ஆங்கிலக் கடிதம் எல்லாம் ரதீசன் கையால்தான் போகும். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூக்கில் கிறீஸோடு வெளியே வந்து போனை எடுத்தான்.

"எழுது. 'ஐயா, எங்கட தெருவில கார் விசர் பிடிச்ச ஆக்களும் இருக்கினம். அவையளுக்கு இரக்கம் இல்லை. நீங்கள் ஒரு தனிச்ச மனுசியை நினைச்சு உப்புப் போடுறீங்கள். நீங்கள் நல்லா இருக்கவேணும்.' எழுதினியோ?"

"ஓம் அன்ரி."

"கார் விசர் எண்டதையும் எழுதினியோ?"

"அதைத்தான் முதலில எழுதினன்."

வெள்ளிக்கிழமை சுசிலா வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே குளித்து, சேலை உடுத்து, கதவைத் திறந்தாள். தெரு முழுக்க வெள்ளைப் பனி. கடைசிப் படியில் யாரோ குனிந்து நின்றார்கள்.

இரண்டு சப்பாத்திலும் கடைப் பை கட்டியிருந்தது. கையில், போன கிழமை அவள் குப்பையில் போட்ட பால்மாத் தகரப் பேணி. பக்கத்தில், மூன்று கறுப்புப் பைகளுக்குள் சுற்றிய உப்பு மூட்டை.

"தம்பி?"

பிடிபட்ட கள்ளனைப் போல நிமிர்ந்தான் ரதீசன்.

"சப்பாத்தில உப்பு ஒட்டினால் காருக்கு வந்திடும் அன்ரி. அதுதான் பை கட்டினனான்…"

அவள் கேட்டது அதையா? சுசிலா படியோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மூன்று படிகளையும் இறங்கினாள். கால் சறுக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா, நடப்பம். அந்த ஈமெயிலை அனுப்பிட்டியோ?"

"இல்லை அன்ரி. போனிலதான் இருக்குது."

"அனுப்பாதை. திட்டினதும் உன்னைத்தான், நல்லா இருக்கச் சொன்னதும் உன்னைத்தான். நீயே வைச்சிரு."