கேமராவைப் பார்த்தவர்

திலீபனுக்குச் சினிமா ரசனை என்றாலே தப்புக் கண்டுபிடிப்பதுதான். இணைய ரசிகர் மன்றத்தில் அவன் ஒன்றைச் சுட்டிக்காட்டினால் போதும், மறுநாள் உலகத்திலுள்ள எல்லாப் பிரதிகளிலும் அது தானாகச் சரியாகிவிடும். பழைய படமொன்றின் சந்தைச் சண்டையில், கூட்டத்தில் நின்ற கோடுபோட்ட சட்டைக்காரர் ஒரு நொடி திரும்பி, கேமராவைப் பார்த்துச் சிரித்தது அவன் பிடித்த நூறாவது தப்பு. பாராட்டு குவிந்தது.

இரண்டு நாள் கழித்து, மணப்பாறையிலிருந்து ஓர் அம்மாள் அவன் எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்.

"தம்பி, அவரு கேமராவப் பாக்கல. அதுக்குப் பின்னாடி வேடிக்க பாத்துக்கிட்டு நான் நின்னேன். என்னையத்தான் பாத்தாரு. கல்யாணமாகி மூணு மாசம் அப்ப."

"இப்ப அவரு?"

"போயிப் பதினோரு வருசமாச்சு. தெனமும் அந்த எடத்தப் போட்டுப் பாப்பேன். நேத்துலேருந்து ஏன் தம்பி திரும்பவே மாட்டேங்குறாரு?"

பழைய பிரதி தேடி அனுப்புவதாகச் சொன்னான். எங்கும் கிடைக்கவில்லை. அப்போதுதான், அந்த முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு மன்றத்தில் அவனே ஏற்றிய படம் நினைவுக்கு வந்தது. அவசரமாகத் திறந்தான்.

வட்டம் அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு பின்னந்தலை.