செருப்பைக் கீழே வைக்காதவர்

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து வந்த அத்தாவை அஃப்சானா வாசலிலேயே நிறுத்தினாள்.

“வீடியோ ஓடுது அத்தா. செத்த நேரம் வெளியவே நில்லுங்க. செருப்பையும் அங்க போடாதீங்க.”

வீடியோவில் தோல் வாடை தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். கிதர் முகம்மது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டி, காற்றில் கையசைத்துத் தங்கள் முன்னறையை வரைந்தாள். நாற்காலி வந்தது, ஜன்னல் வந்தது; வாசல் இருந்த இடத்தில் மட்டும் வெறும் சுவர். மொத்தம் 212 கோடுகள். அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டும் வீடியோவை இணையத்தில் ஏற்றினாள்.

சாப்பாட்டு நேரத்தில் பார்த்தபோது, வீடியோவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: ‘முதலில் ஓர் ஆளை வரைந்துவிட்டு, ஏன் சுவர் வைத்து மறைத்தீர்கள்?’

வீடியோவை ஓட்டினாள். 240 கோடுகள் இருந்தன. முதல் இருபத்தெட்டில், கையில் செருப்போடு ஒருவர் உருவானார்.

அஃப்சானாவுக்கு முகம் சுட்டது. ஹெட்செட்டை மாட்டிச் சுவரை அழித்தாள். அவர் அங்கேயே தலைகுனிந்து நின்றிருந்தார்.

“உள்ள வாங்க அத்தா.”

“நான் அப்பவே வந்துட்டேனேம்மா,” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

எதிரில் நின்றவர் இன்னும் செருப்பைக் கீழே வைக்கவில்லை.